கடலா, ஆறா, மலையா

ஜூலை 1, செவ்வாய்

காலையிலேயே வெயில். மாடியில் போட்ட யூனிஃபார்ம் இஸ்திரி போட்ட மாதிரி மொடமொடவென்று காய்ந்துவிட்டது. நல்லதுதான், ஒரு வேலை மிச்சம்.

ஹெச்.ஆர். மேடம் கூப்பிட்டு அனுப்பினார்கள். பேர் வந்துவிட்டது. நானும் மெயின்டனன்ஸ் வசந்தியும். புது மெஷினுக்கு பிரான்ஸில் தாய் கம்பெனியில் பயிற்சி. அதற்கு முன்னால் அங்கேயே மூன்று மாதம் பிரெஞ்சு வகுப்பு, வேறு வேலையே இல்லாமல். கடைசியில் பரீட்சை. தேறினால் பயிற்சி. தேறாவிட்டால் அப்படியே வீட்டுக்கு, புது மெஷினும் கும்மிடிப்பூண்டிக்கு வராது, வேறு ஆலைக்குப் போய்விடும். இவ்வளவையும் மேடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்கள்.

ஸ்தோத்திரம். கார் கதவு ஓரத்துக்குப் போகிற ரப்பரை லேபில் இழுத்துப் பார்த்து, அழுத்திப் பார்த்து, இத்தனை வருஷம் ஓடிவிட்டது. யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்திருந்தேன். கவனித்திருக்கிறார்கள். நன்றி: முதலில் கடவுள், அப்புறம் டேவிட், அப்புறம் லேப் சார், அப்புறம் சனிக்கிழமை வந்து சொல்லிக்கொடுக்கிற பிரெஞ்சு மிஸ். வரிசை மாறினால் கடவுள் கோபித்துக்கொள்ள மாட்டார். வீட்டுக்காரர் கோபித்துக்கொள்வார்.

ஸ்கூலை நாங்களே தேர்ந்தெடுக்கலாமாம். மூன்று கொடுத்திருக்கிறார்கள். ஊர்ப் பெயர் எதுவும் வாயில் நுழையவில்லை. நானே பெயர் வைத்துவிட்டேன்.

கடல் – பெரிய ஊர். காலையில் மட்டும் வகுப்பு. இரண்டு பேர் சேர்ந்து தங்க ரூம், சமையலறையோடு. போன தடவை நம் ஆட்கள் போனது இங்கேதான்.

ஆறு – நடுத்தர ஊர். நாள் முழுக்க வகுப்பு. யாராவது ஒரு குடும்பத்தோடு தங்க வேண்டும்.

மலை – சின்ன ஊர். நாள் முழுக்க வகுப்பு, சாயங்காலம் பேச்சுப் பயிற்சி வேறு. இதுவும் குடும்பத்தோடுதான்.

மூன்று ஸ்கூல் படத்திலும் ஒரே மாதிரி புல்வெளி, ஒரே மாதிரி சிரிக்கிற ஆட்கள். ஒருத்தர்கூட புத்தகத்தைப் பார்க்கவில்லை. 14ஆம் தேதிக்குள் சொல்ல வேண்டும்.

ரயிலில் வ. முடிவே பண்ணிவிட்டாள். “கடல்தாங்கா. ஒரே ரூமு. நீ கொழம்பு வையி, நானு பொரியல் பண்ணிடுறேன்.” சரி என்றேன். அவள் மாமியார் போட்ட நிபந்தனையே அதுதான்: எஸ்தர் கூட இருந்தால் அனுப்புவோம், இல்லாவிட்டால் இல்லை. பள்ளிப்பட்டுப் பக்கம் நிலம் நீச்சு உள்ள குடும்பம். மகன் வேலைக்காக மீஞ்சூரில் வீடு எடுத்து அந்தம்மாவும் கூடவே இருக்கிறார்கள். என்னை நம்பி மருமகளை அனுப்புகிறேன் என்றால் சும்மா இல்லை. மனசு நிறைந்தது.

டேவிட்: “அப்ப மூணு மாசம் எனக்கு யாரு கொழம்பு வப்பா?” யூ டியூப் என்று சொன்னேன்.

ஜூலை 2, புதன்

புழுக்கம். கேண்டீனில் தக்காளி சாதம், உப்பு கம்மி.

ரமேஷ் அண்ணனைப் பிடித்தேன். போன தடவை கடலுக்குப் போய் வந்தவர். கூடப் போனது சூளூர்பேட்டை செஞ்சய்யா. இரண்டு பேரும் பரீட்சையில் தேறாமல் திரும்பினார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. நான் கேட்டுவிட்டேன்.

“ரூமுல தெனம் பருப்பு வேவும் எஸ்தரு. காலைல கிளாஸு, மத்தியானம் வந்து சமைக்கறது, சாயங்காலம் ஊட்டுக்கு ஃபோனு. செஞ்சய்யாவுக்குத் தமிழ் பத்தாது. அவனோட பேசிப் பேசி நான் தெலுங்கு கத்துக்கினேன்.”

“கடைக்கெல்லாம் எப்படிண்ணா போனீங்க?”

“கைய காட்டுனா குட்துருவான். வாயத் தொறக்க வேண்டிய அவசியமே வர்ல.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். பிரான்ஸுக்குப் போய் தெலுங்கு கற்றுக்கொண்டு வந்த ஒரே ஆள் நான்தான் என்றார். மேசையில் இருந்த எல்லோரும் சிரித்தோம். பாத்திரம் கழுவுகிற இடத்தில் தனியாக நிற்கும்போது சொன்னார்: “தப்பு செஞ்சய்யா மேல இல்ல. ஒருத்தன் கூட இருந்தான், அதான் பயமே வர்ல. பயம் வந்திருந்தா பேசியிருப்பேன்.” குளிருக்கு அவருடைய ஜாக்கெட்டைத் தருகிறேன் என்றார். டேவிட்டே உள்ளே புகுந்துகொள்ளலாம், அவ்வளவு பெரிசு. ஆனாலும் வாங்கிக்கொள்வேன். நல்ல மனுஷன்.

சாயங்காலம் முழுக்க அவர் சொன்னதே ஓடிக்கொண்டிருந்தது. வ.விடம் சொல்லவில்லை.

ஜூலை 4, வெள்ளி

இடி மட்டும். மழை இல்லை.

நேற்று மூன்று ஸ்கூலுக்கும் மெயில் போட்டேன். ஆங்கிலத்தில்தான், பிரெஞ்சில் போட்டால் சேர்த்துக்கொள்ளவே மாட்டார்கள். கேட்டது:

ஒரு வகுப்பில் எத்தனை பேர்?
ஒரே மொழிக்காரர்களைப் பிரித்து உட்கார வைப்பீர்களா?
பின்தங்கினால் என்ன செய்வீர்கள்?
எங்கள் நாட்டு ஆட்கள் இருப்பார்களா?
சோறு கிடைக்குமா? (இதை டேவிட் சேர்க்கச் சொன்னார்.)

பதில் வந்துவிட்டது. கடலில் நிறைய இந்தியர்கள், கவலைப்படாதீர்கள், தனிமையே தெரியாது என்று எழுதியிருக்கிறார்கள். பாவம், ஆறுதலாகத்தான் எழுதினார்கள். எனக்குத்தான் கவலை வந்தது. ஆற்றில் எப்போதாவது ஒருத்தர். மலையில் இதுவரை யாருமே இல்லை, நான் போனால் முதல் ஆள். பின்தங்கினால் ஆற்றிலும் மலையிலும் தனியாக உட்கார வைத்துச் சொல்லிக்கொடுப்பார்களாம். கடல்காரர்கள் அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் போடவில்லை.

ஆறு ஸ்கூல் ஆபீஸ் அம்மா மட்டும் சோற்றுக்கு நீளமாக எழுதியிருக்கிறார்கள். அங்கே எல்லோரும் ரொட்டிதான், ஆனால் அரிசி வாங்கி வைக்கச் சொல்கிறேன், எந்த அரிசி என்று கேட்கிறார்கள். முன்பின் தெரியாத ஒருத்திக்காக அரிசியைப் பற்றி யோசிக்கிறார்களே. புழுங்கல் என்று எப்படி விளக்குவது?

ரயிலில் வ. சூட்கேஸ் படங்கள் காட்டினாள். ஒரே நிறத்தில் இரண்டு வாங்கலாமாம். நான் தலையை ஆட்டிக்கொண்டே வந்தேன். பொன்னேரி வந்ததும் முதல் ஆளாக இறங்கிவிட்டேன்.

ஜூலை 5, சனி

மிஸ் வகுப்பு. கம்பெனி கான்ஃபரன்ஸ் ரூம், ஏசி வேலை செய்யவில்லை, ஆள் வரவில்லை.

இன்று நடந்ததை எழுதி வைக்க வேண்டும்.

வகுப்பு நடுவில் லேப் சார் ஃபோன். வெளியே போய்ப் பேசினேன். திரும்பும்போது கதவுக்கு வெளியே நின்றேன், உள்ளே வ. பேசிக்கொண்டிருந்தாள். பிரெஞ்சில். மிஸ் அவளிடம் நேற்று வேலையில் என்ன நடந்தது என்று கேட்டிருக்க வேண்டும். மூன்றாவது லைன் சென்சார் பழுது, மெஷின் நிற்கிறது, இவள் மேலே ஏறுகிறாள், உள்ளே ஒரு பல்லி. பல்லிக்கு வார்த்தை தெரியாமல் நாக்கால் ச்சு ச்சு என்று காட்டுகிறாள். மிஸ் சிரிக்கிறார்கள், இவளும் சிரிக்கிறாள். பாதி வினைச்சொல் தப்பு. ஆனால் நிற்கவே இல்லை.

இப்படி இவள் பேசி நான் கேட்டதே இல்லை. கதவைத் திறந்தேன். என்னைப் பார்த்தாள். அப்படியே நிறுத்திவிட்டுத் தமிழில், “அக்கா, நீ சொல்லுக்கா” என்றாள்.

நானும் சொன்னேன். அழகாக, தப்பில்லாமல், பல்லிக்குச் சரியான வார்த்தையோடு. மிஸ் நல்லது என்றார்கள். வ. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அதற்கு அப்புறம் வாயே திறக்கவில்லை.

நான் கூடப் போனால் இவள் தேற மாட்டாள். வருகிற வழியெல்லாம் இதுதான். இன்னொன்றும்: அவள் என்னைப் பார்த்து நீ சொல்லு என்றதும் எனக்குள் ஒரு சந்தோஷம் வந்ததே. அது இருக்கிற வரை நானும் உருப்பட மாட்டேன்.

ஜூலை 6, ஞாயிறு

கோவில். பாஸ்டர் பிரசங்கம் நீளம், ஃபேனுக்கு நேராக இடம் கிடைத்ததால் பொறுத்துக்கொண்டேன்.

மத்தியானம் டேவிட்டிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். ரோலிங் மில்லில் இரவு ஷிஃப்ட் முடித்து வந்து தூங்காமல் கேட்டார்.

“நீ தனியா போனா அவங்க ஊட்ல அவள அனுப்ப மாட்டாங்க. நீ கூடப் போனா ரெண்டு பேரும் ஃபெயிலு. இதானே?”

“அதான்.”

“ரெண்டும் நல்லா இல்லியே.”

“அதான் உன்ன கேக்கறேன்.”

“நான் இன்னா சொல்றது. உண்மைய அவகிட்ட சொல்லிடு. திட்டுவா. திட்னா வாங்கிக்கோ.” சொல்லிவிட்டுத் தூங்கிவிட்டார். கோழிக் குழம்பு அவருக்குப் பிடித்த மாதிரி காரமாக வைத்தேன். வேறு என்ன செய்வது இந்த மனுஷனுக்கு.

ஜூலை 7, திங்கள்

சொல்லிவிட்டேன்.

கவரப்பேட்டை தாண்டி சிக்னலில் ரயில் நின்றபோது. ரமேஷ் அண்ணன் கதை, கடல் ஸ்கூல் பதில் சொல்லாதது, சனிக்கிழமை கதவுக்கு வெளியே கேட்டது, எல்லாம். நீ ஆறு, நான் மலை, தனித்தனியாகப் போகலாம் என்றேன்.

வ. பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். அப்புறம்:

“கழட்டி உட்றியா என்ன?”

“இல்லடி. நான் இல்லாதப்ப நீ எவ்ளோ நல்லா பேசுன தெரியுமா.”

“தப்புத் தப்பா பேசுனேன். நீ கேட்டுக்கினு நின்னியா? எங்க ஊட்ல நான் போராடுனது உனக்குத் தெரியாது. எஸ்தரக்கா கூடப் போறேன், எஸ்தரக்கா கூடப் போறேன்னு அந்த ஒரே வார்த்தையச் சொல்லி வாங்குனது. இப்ப போயி இன்னா சொல்லுவேன்?”

பக்கத்து சீட்டு அக்கா வேர்க்கடலை நீட்டினார்கள். இருவருமே வேண்டாம் என்றோம். கும்மிடிப்பூண்டியில் இறங்கி அவள் முன்னால் நடந்து வேறு ஷேர் ஆட்டோவில் ஏறிவிட்டாள்.

லேபில் ஒரு சாம்பிளை இரண்டு தடவை டெஸ்ட் போட்டேன். சார் தலைவலியா என்றார். ஆமாம் என்றேன்.

ஜூலை 8, செவ்வாய்

வழக்கமான பெட்டியில் வ. இல்லை. கேண்டீனிலும் இல்லை. வாட்ஸப்பில் நீல டிக் விழுகிறது, பதில் இல்லை.

மாவு அரைக்கணும். கேஸ் புக் பண்ணணும். மேடம் ஞாபகப்படுத்தினார்கள், 14ஆம் தேதி.

நானே கடல் என்று எழுதிக் கொடுத்துவிடலாமா என்று யோசித்தேன். அவளாவது என்னோடு பேசுவாள். ஆனால் மூன்று மாதம் பருப்பு வேகும், அவள் சென்சாரை யாருக்கும் சொல்ல மாட்டாள். புது மெஷின் லைன் வேறு ஆலைக்குப் போய்விட்டால் எங்கள் இரண்டு பேரோடு முடிகிற விஷயமில்லை, அந்த லைனில் வேலை வரும் என்று காத்திருக்கிற கான்ட்ராக்ட் பிள்ளைகள் எத்தனை பேர். கடல் இல்லை. அது மட்டும் தெளிவாகிவிட்டது.

ஜூலை 9, புதன்

மழை. முதல் தடவையாக நல்ல மழை.

வீட்டுக்கு வந்து கால் கழுவிக்கொண்டிருக்கும்போது வாசலில் ஆட்டோ. வ.வின் மாமியார். தனியாக. தலையில் முந்தானை, கையில் குடை, மூச்சு வாங்க.

இதற்கு முன் ஒரே ஒரு தடவை வந்திருக்கிறார்கள், எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு. அப்போது வாசலோடு நின்று வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு போனவர்கள். அவர்கள் பக்கத்து ஊர்களில் எங்கள் மாதிரிக் குடும்பங்கள் அவர்கள் மாதிரிக் குடும்பங்களின் வயலில் வேலை செய்தவை. யாரும் பேசிக்கொள்கிற விஷயம் இல்லை, எல்லோருக்கும் தெரிந்த விஷயம். இன்று மழையோடு நேராக உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்கள். டேவிட் டீ போட்டார். “குடு நைனா” என்று வாங்கிக் குடித்தார்கள். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை.

“ரெண்டு நாளா எம்மருமவ சாப்புடல. இன்னா சொன்ன அவள?”

சொன்னேன். ஒன்றும் விடாமல். கதவுக்கு வெளியே நின்று கேட்டதையும், என்னைப் பார்த்ததும் அவள் வாயை மூடிக்கொண்டதையும்.

டம்ளரைக் கீழே வைத்தார்கள். திட்டுவார்கள் என்று காத்திருந்தேன்.

“எங்க ஊட்லயும் அப்டித்தான். யாரு இன்னா கேட்டாலும் எம்மூஞ்சியப் பாப்பா. நான் கண்ண காட்னாத்தான் பேசுவா. மரியாதன்னு நெனச்சிக்கினேன்.” அப்புறம்: “மெஷின ரிப்பேர் பண்றாளா அவ? மேல ஏறியா?”

“ஆமாம்மா. ஃபாக்டரியில அவ கைதான் ஸ்பெஷலு.”

“எங்கிட்ட சொன்னதே இல்லியே.”

அதற்கப்புறம் கேள்விகள். ஆறு ஸ்கூல் ஊரில் தங்கப் போகிற வீட்டில் யார் யார்? பொம்பள இருக்காங்களா? ரூமுக்குத் தாழ்ப்பா உள்பக்கமா வெளிப்பக்கமா? நாய் இருக்கா, கடிக்குமா? அரிசி மெயிலோடு ஆபீஸ் அம்மா அனுப்பிய வீட்டு ஃபோட்டோவைக் காட்டினேன். கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார்கள்.

“ஃபோட்டோல இன்னா தெரியும். பொண்ண அனுப்பறதுன்னா ஊடு பாக்கணும் எஸ்தரு. ஊடு பாக்காம யாரும் அனுப்ப மாட்டாங்க.”

பிரான்ஸில் எப்படி வீடு பார்ப்பது என்று டேவிட் கேட்டார்.

“எங்க பேத்தி அமெரிக்காலருந்து தெனம் மூஞ்சி காட்றாளே ஃபோன்ல. அது மாதிரி காட்டச் சொல்லு.”

குடையை மறந்துவிட்டுப் போனார்கள்.

ஜூலை 10, வியாழன்

ஆபீஸ் அம்மாவுக்கு மெயில்: என் தோழியின் மாமியார் வீட்டைப் பார்க்க விரும்புகிறார். இதை எழுதும்போது எனக்கே சிரிப்பு. கூடவே பயம், இது என்ன கூத்து என்று ஸ்கூலே வேண்டாம் என்று சொல்லிவிட்டால்?

மத்தியானமே பதில். இத்தனை வருஷத்தில் ஒரு மாமியாரும் கேட்டதில்லையாம். அந்த வீட்டு அம்மாவுக்கு ரொம்ப சந்தோஷமாம். சனிக்கிழமை பேசலாம். வீட்டுக்காரரும் இருக்க வேண்டுமா, அவருக்குக் கொஞ்சம் காது கேட்காது, பரவாயில்லையா என்று கேட்டிருக்கிறார்கள்.

நல்லவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். நமக்குத்தான் பேசத் தெரிய வேண்டும்.

வ. கேண்டீனில் வந்து எதிரே உட்கார்ந்தாள். என் டப்பாவிலிருந்து முட்டையை எடுத்துச் சாப்பிட்டாள். போதும் எனக்கு.

ஜூலை 12, சனி

வானம் வெளுப்பு. காற்றே இல்லை.

வீடு பார்க்கிற படலம், மீஞ்சூரில். நானும் வர வேண்டும் என்று மாமியார் உத்தரவு. போனால், அந்தம்மா பட்டுப் புடவை, தலை நிறைய பூ. டீப்பாயில் தாம்பாளம்: வாழைப்பழம், வெற்றிலை, இனிப்பு. ஃபோனை சொம்பில் சாய்த்து வைத்திருக்கிறார்கள்.

“அவங்களுக்குப் பழம் குடுக்க முடியாதேம்மா” என்றேன்.

“வச்சிக்கினு பேசுனா ஒரு மரியாத. நீ போயி உள்ள உக்காரு.”

நான் கூட இருந்து மொழிபெயர்க்கத்தான் வரச் சொன்னார்கள் என்று நினைத்திருந்தேன். இல்லை. வ.வைப் பார்த்து, “நீ பேசு. எம்மூஞ்சியப் பாக்காத, ஃபோனப் பாரு” என்றார்கள்.

சமையலறையில் உட்கார்ந்தேன். வ.வின் புருஷன் குமரேசன் காபி கொடுத்துவிட்டு அவரும் என்னோடு கீழே உட்கார்ந்துவிட்டார். இருவரும் சுவரில் காதை வைக்காத குறை.

போன்ஜூர், போன்ஜூர். அதற்கு மேல் வ. வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. என் நாக்கு நுனியில் வாக்கியம் தயாராக நிற்கிறது. எழுந்து போய்விடலாமா என்று கால் துடித்தது. குமரேசன் என் கையில் முறுக்கைத் திணித்தார். கடித்தேன்.

அப்புறம் ஆரம்பித்தாள். தப்பு. அடுத்ததும் தப்பு. மாமியார் தமிழில் கேட்கிறார்கள், இவள் தட்டுத் தடுமாறிப் பிரெஞ்சில் சொல்கிறாள், அந்த அம்மா மெதுவாகப் பதில் சொல்கிறார்கள், இவள் தமிழில் சொல்கிறாள்.

“எத்தினி மணிக்கு சாப்புடுவாங்கன்னு கேளு.”

“மழ வந்தா துணி எங்க காயப் போடுவாங்க?”

“தாழ்ப்பாளக் காட்டச் சொல்லு.”

அந்த அம்மா ஃபோனைத் தூக்கிக்கொண்டு வீடு பூராவும் நடந்து காட்டியிருக்கிறார்கள். மாடிப்படி, ரூம், ஜன்னல், தாழ்ப்பாள் (உள்பக்கம்), கட்டில் மேல் ஒரு கிழட்டு நாய். நாய்க்குப் பல்லே இல்லை என்று அந்த அம்மா அதன் வாயைத் திறந்து காட்டியபோது இங்கே மாமியார் சிரித்த சிரிப்பு எங்களுக்குச் சமையலறை வரை கேட்டது. வீட்டுக்காரரும் வந்து எட்டிப் பார்த்தாராம். அவர் சத்தமாகப் பேச, இவர்களும் சத்தமாகப் பேச, தெருவே கேட்டிருக்கும்.

பதிலுக்கு நம் வீட்டைக் காட்ட வேண்டாமா என்று மாமியார் ஃபோனைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு வந்துவிட்டார்கள். தரையில் முறுக்கோடு நானும் குமரேசனும். என்னைப் பார்த்து யார் இவர் என்று அந்த அம்மா கேட்க, வ. யோசிக்காமல் ஏதோ சொன்னாள். எனக்கு அவசரத்தில் கேட்கவில்லை. அந்த அம்மா கையாட்டினார்கள், நானும் முறுக்கோடு கையாட்டினேன்.

முடிந்ததும் மாமியார் தாம்பாளத்திலிருந்து ஒரு பழத்தை எடுத்து வ. கையில் கொடுத்தார்கள். “நல்ல ஊடு. தலைக்கு மேல ஒட்டடை இல்ல. போயிட்டு வா.”

வ. அழுதாள். நானும். குமரேசன் தட்டை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டார்.

எத்தனை தப்பு விட்டாள் என்று நான் எண்ணவில்லை. எண்ணாமல் இருந்ததற்கு எனக்கு நானே ஒரு ஷொட்டு. ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்.

ஜூலை 13, ஞாயிறு

கோவிலுக்குப் போகவில்லை. டேவிட் தூக்கம். வீட்டில் சத்தமே இல்லை.

வ. நேற்றே ஆறு ஸ்கூலுக்குப் படிவத்தை அனுப்பிவிட்டாள். நான் மலைக்குப் பூர்த்தி செய்ய உட்கார்ந்தேன். மலையில் எனக்குக் குடும்பம் இன்னும் முடிவாகவில்லை, போன பிறகுதான் சொல்வார்களாம். என் வீட்டை யாரும் பார்க்கப் போவதில்லை.

உண்மையைச் சொல்ல வேண்டும் என்றால் பயமாக இருக்கிறது. ஒரு வாரமாக வ. தனியாக இருந்தால்தான் பேசுவாள், வ. தனியாகப் போக வேண்டும், வ. வ. என்றே ஓடிக்கொண்டிருந்தேன். தனியாகப் போகப் போவது நானும்தான் என்பது இன்று காலை இட்லிப் பானையை இறக்கும்போதுதான் உறைத்தது. நான் இதுவரை எந்த ஊரிலும் தனியாக இருந்ததில்லை. ஊரில் ஒரே அறையில் ஏழு பேர், அப்புறம் ஹாஸ்டல், அப்புறம் டேவிட். அந்தச் சின்ன ஊரில் காய்ச்சல் வந்தால் யாரிடம் என்ன சொல்வேன்?

படிவத்தில் ஒரு கட்டம்: அவசரத்துக்குக் கூப்பிட வேண்டியவர். பிரான்ஸிலேயே இருப்பவராக இருந்தால் நல்லது. பெயர், விலாசம், உறவு.

பிரான்ஸில் எனக்கு யாரைத் தெரியும்? டேவிட்டை எழுப்பிக் கேட்டேன். “உட்டுடு, காலியா போடு” என்று திரும்பிப் படுத்துக்கொண்டார். காலியாகவே விட்டு மற்றதை எல்லாம் முடித்தேன். பாஸ்போர்ட் நம்பர், ரத்த வகை, அலர்ஜி இல்லை. அந்தக் கட்டம் மட்டும் வெள்ளையாக நின்றது. கொஞ்சம் அழுதேன். துணி மடித்தேன். மறுபடி உட்கார்ந்தேன்.

அப்புறம்தான் தோன்றியது. நான் அங்கே இருக்கும்போது பிரான்ஸில் ஒருத்தி இருப்பாள். பல் இல்லாத நாய் இருக்கிற வீட்டில், தாழ்ப்பாள் உள்பக்கம் இருக்கிற ரூமில்.

வ.வுக்கு ஃபோன் போட்டேன். “அவசரத்துக்குன்னு ஒரு கட்டம் வந்துச்சா உனக்கு?”

“வந்துச்சிக்கா. உன் பேரப் போட்டுட்டேன். உன்னக் கேக்கவே இல்ல.”

“உறவுன்னு இன்னா போட்ட?”

“அக்கான்னு. அத்த பக்கத்துல உக்காந்துக்கினு இன்னா எழுதனன்னு கேட்டாங்க. சொன்னேன். ரைட்டு, அனுப்புன்னாங்க.”

வசந்தி என்று எழுதினேன். உறவு: தங்கை. அனுப்பியாச்சு. டேவிட்டுக்குச் சோறு எடுத்து வைக்க வேண்டும், ஷிஃப்டுக்கு நேரமாகிறது.